‘ம்’ நெறிமுறை: பகடித் தரநிலை ஆவணம் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெய்ட்ஸ்மன் எழுதிய ஆர்எஃப்சி 1149 வெளியானது. (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலைகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவண வரிசை.) இணையப் பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, பறவைகள் மூலம் அனுப்புவதற்கான தரநிலை அது. பாக்கெட்டைப் பதினாறடிமான எண்களாகச் சின்னக் காகிதச் சுருளில் அச்சிட்டு, பறவையின் ஒரு காலில் சுற்றி, டேப் ஒட்ட வேண்டும். ஒரு தடவைக்கு வழக்கமாக 256 மில்லிகிராம் போகும். பறவைக்கு வயதாக ஆக இந்த அளவு கூடும் என்றும் ஒரு வரி உண்டு. ஆவணம் முழுக்க ஒரு சிரிப்புக்குறி கிடையாது.

2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் பயனர் குழு ஒன்று நிஜமாகவே புறாக்களை விட்டுப் பார்த்தது. 9 பாக்கெட் போனதில் 4க்குப் பதில் வந்தது. வேகமாக வந்த பதிலுக்கே 3,200 நொடிக்கு மேல் ஆனது. மெதுவானதற்கு 6,300 நொடியும் தாண்டியது.

பகடித் தரநிலைக்கு உரைகல் இதுதான்: படித்துவிட்டு யாராவது அப்படியே செய்து பார்க்க முடிய வேண்டும். கிண்டல் தனியாக எங்கும் உட்கார்ந்திருக்காது. வரையறை துல்லியமாக இருந்தாலே சிரிப்பு வந்துவிடும். கிண்டலை மட்டும் கொட்டி, வரையறையைக் கோட்டைவிட்ட பகடிகள் இரண்டாம் பத்தியிலேயே களைத்துப்போவதைப் பார்க்கலாம்.

இந்த வழிகாட்டி அப்படியொரு ஆவணத்தைத் தமிழில் எழுதக் கற்றுத்தருகிறது. எடுத்துக்காட்டுக்கு, சாட்டில் நாம் எல்லோரும் அனுப்பும் ‘ம்’ என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். மாதிரி சேர்க்க ஏழு நாள், எழுத இரண்டு மாலைப்பொழுது, சோதிக்க ஒரு நாள் போதும். முடிவில் கையில் இருப்பது நான்கு பக்கம், 900 முதல் 1,200 சொல். அதைவிட நீண்டால் படிப்பவர் மூன்றாம் பக்கத்திலேயே நகைச்சுவையைப் புரிந்துகொண்டு மூடிவைத்துவிடுவார்.

முதல் படி: எதை எழுதுவது?

எல்லோரும் செய்கிற, ஆனால் யாரும் விதி எழுதி வைக்காத ஒரு இணைய நடத்தையைத் தேடுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். இரண்டு தரப்பு, அவர்களுக்கு இடையே ஒரு செய்தி, அதற்குப் பதில் வர ஒரு கால இடைவெளி, அது கெட்டுப்போக ஒரு வழி. இதில் ஒன்று குறைந்தாலும் அது நெறிமுறை (இரு தரப்பு செய்தி பரிமாறுவதற்கான விதித்தொகுப்பு) ஆகாது, வெறும் புலம்பலாகிவிடும்.

குரூப்பின் முகப்புப் படத்தை அடிக்கடி மாற்றுவது வேடிக்கைதான். ஆனால் அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை, எனவே தேறாது. ‘ஒரு சின்ன விஷயம்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு ஆள் காணாமல் போவது நன்றாகத் தேறும். ‘டைப்பிங்’ என்று காட்டிவிட்டு எதுவும் வராமல் போவதும் தேறும். பிறந்தநாள் வாழ்த்து வரிசை இன்னும் அருமை. அதில் முந்தையவரின் வாழ்த்தையே நகலெடுத்து ஒட்டுபவருக்குத் தனிப் பிரிவே ஒதுக்கலாம்.

தனி மனிதர், சமூகம், ஊர்க்காரர், ஒரு வயதினர் என்று ஆட்களைப் பகடி செய்யத் தோன்றினால் விட்டுவிடுங்கள். தரநிலை ஆவணத்தின் மொழி ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்றுதான் பேசும். அந்த இரண்டு பாத்திரங்களுக்குள் அடங்காத கிண்டல் இந்த வடிவத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டாம் படி: மாதிரி சேர்த்தல்

பலரும் தாண்டிப்போகிற படி இது. பகடி பல்லிளிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஏழு நாளில் 40 மாதிரி சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: முன்னால் வந்த செய்தி எந்த வகை (கேள்வி, செய்தி, புகார், படம்), ‘ம்’ எந்த வடிவத்தில் வந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது. மற்றவர் எழுதிய வாக்கியத்தை எடுத்து வைக்க வேண்டாம். வகையைக் குறித்தால் போதும். அந்தரங்க உரையாடல் பகடிக்குள் நுழையாமல் இருக்க அதுவே வேலி.

வடிவத்தை மட்டும் எழுத்து பிசகாமல் குறியுங்கள். ம், ம்ம், ம்ம்ம், ஹ்ம், உம், ம்ஹூம் எல்லாம் வேறு வேறு. ‘ம்’ போட்டு அதன் பிறகு முற்றுப்புள்ளியும் வைப்பது தனி ரகம். அந்த எழுத்துக்குத் தலையில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கிறது. காலடியில் இன்னொன்றையும் தேடி வைக்கிறார் என்றால் விஷயம் வேறு. நினைவிலிருந்து எழுதினால் இப்படியொன்று அகப்படவே அகப்படாது. நினைவில் மிஞ்சுவது எப்போதும் உச்சக்கட்டச் சம்பவங்கள்தான். சிரிப்பு வருவதோ, ‘அட, நேற்றுகூட எனக்கு இப்படி வந்ததே’ என்று படிப்பவர் நினைக்கும் சாதாரணச் சம்பவங்களில்.

மூன்றாம் படி: ஒரே ஒரு பொய்

நல்ல பகடித் தரநிலையில் பொய் ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் அப்பட்டமான உண்மை. ஆர்எஃப்சி 1149இன் பொய், பறவையும் ஒரு நெட்வொர்க் இணைப்பு என்பது. அதை ஏற்றுக்கொண்டால் பாக்கெட், எடை வரம்பு, இழப்பு எல்லாம் இயல்பாகப் பின்தொடரும். 1998இல் லாரி மாசின்டர் எழுதிய ஆர்எஃப்சி 2324இல் காபிப் பாத்திரம் ஒரு வெப் சர்வர். 2003இல் ஸ்டீவ் பெல்லோவின் எழுதிய ஆர்எஃப்சி 3514 இன்னும் நுட்பமானது. இணையப் பாக்கெட்டின் தலைப்பில் (முகவரி போன்றவை இருக்கும் முன்பகுதியில்) பயன்படாமல் கிடக்கும் ஒரு பிட்டைத் தீய நோக்கமுள்ள பாக்கெட்டுகள் 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும், ஃபயர்வால் அதைப் பார்த்துத் தடுத்துவிடும். இதில் ஒரே பொய், தாக்குபவர் நேர்மையானவர் என்பது. ‘ஒரு பட்டனைத் தட்டினால் பாதுகாப்பு வந்துவிட வேண்டும்’ என்ற ஆசையை இதைவிடச் சுருக்கமாக யாரும் நக்கலடித்ததில்லை.

நம் ஆவணத்தின் பொய்: ‘ம்’ என்பது பொறியாளர்கள் திட்டமிட்டு வடிவமைத்த ஒப்புகைச் செய்தி, அதாவது ‘கிடைத்தது’ என்று தெரிவிக்கும் பதில். அவ்வளவுதான்.

உங்கள் பொய்யை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் ‘மேலும்’ வந்தால் இரண்டு பொய் இருக்கிறது என்று அர்த்தம், ஒன்றை வெட்டுங்கள். எழுதும்போது இரண்டாவது பொய் அழகாகத்தான் தோன்றும். ஆனால் அது நுழைந்ததும் என்ன வேண்டுமானாலும் நடக்கும் உலகமாகிவிடும். என்ன வேண்டுமானாலும் நடக்கும் இடத்தில் எதுவும் சிரிப்பாக இருக்காது.

நான்காம் படி: எலும்புக்கூடு

உண்மையான ஆர்எஃப்சிகளின் வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் நான்கு வரி. ஆவணத்தின் நிலை மூன்று வரி. முன்னுரை 120 சொல். பிறகு சொல் வரையறை, செய்தி வடிவம், நேரக் கணக்கு, பிழை கையாளுதல், பாதுகாப்புக் கருத்துகள், பதிவேடு (ஆவணம் ஒதுக்கும் எண்களின் பட்டியல்). முன்னுரையில் ஒரு நகைச்சுவைகூட வேண்டாம். ‘இணைய உரையாடல்களில் ஒப்புகைக்கான பொது வடிவம் இதுவரை வரையறுக்கப்படவில்லை’ என்று வறட்சியாகத் தொடங்குங்கள். அந்த வறட்சி எவ்வளவு நீள்கிறதோ, அதற்கேற்பப் பின்னால் வரும் முதல் ‘ம்ஹூம்’ வெடிக்கும். 120 சொல் என்பது பொறுமையின் எல்லை.

‘ஆவணத்தின் நிலை’ பகுதியைத் தவிர்க்கவே கூடாது. முகம் மாறாமல் உண்மையைச் சொல்லும் இடம் அது: ‘இந்த ஆவணத்தை எந்தத் தர அமைப்பும் ஏற்கவில்லை. ஏற்கும்படி யாரும் கேட்கவும் இல்லை.’ நிஜ ஆர்எஃப்சி எண்ணையோ அதுபோலத் தோன்றும் எண்ணையோ போடாதீர்கள். அந்த வரிசை 1969இலிருந்து வருவது, ஆங்கிலத்தில் நடப்பது. தேடுபவர் குழம்புவார். ‘குழு ஆவணம்’ என்பதுபோல உங்கள் சொந்த வரிசை ஒன்றைத் தொடங்கி 7 என்று எண் கொடுங்கள். முதல் ஆறு எங்கே என்று யாராவது நிச்சயம் கேட்பார். (இது இரண்டாவது பொய் இல்லையா என்றால், ஆம். அட்டைப் பக்கத்தில் நடப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.)

ஐந்தாம் படி: ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘-லாம்’

தரநிலை ஆவணத்தின் குரல் அதன் கட்டளைச் சொற்களில் இருக்கிறது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 அவற்றுக்குப் பொருள் வரையறுத்தது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8174, பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று தெளிவாக்கியது. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. போதாக்குறைக்கு ‘அனுப்பலாம்’ என்பதில் ‘-லாம்’ வினையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தனியாகப் பிய்த்துக் காட்டவும் முடியாது.

இதற்கு வழி, கட்டளை வினையை முழுதாகத் தடித்த எழுத்தில் போடுவது. கட்டாயத்துக்கு ‘வேண்டும்’, தடைக்குக் ‘கூடாது’, பரிந்துரைக்கு ‘நல்லது’, விருப்பத்துக்கு ‘-லாம்’. நான்கு போதும். ‘அவசியம்’, ‘தகாது’, ‘இயலும்’ என்று அழகுக்காக மாற்றி மாற்றி எழுதினால் சட்ட நெடி போய்க் கட்டுரை நெடி வந்துவிடும். தமிழ் உரைநடையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று பழகிய கை இங்கே வலிக்கும், வலிக்கட்டும்.

ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் 2013 ஏப்ரல் 1இல் வந்த ஆர்எஃப்சி 6919இன் வழியில் போகலாம். ‘கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் செய்யமாட்டீர்கள் என்று தெரியும்’ என்ற பொருளில் அது ஒரு புதுக் கட்டளைச் சொல்லையே வரையறுத்தது. உங்கள் ஆவணத்தில் இப்படிப்பட்ட ஒன்றை ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: செய்தி வடிவம்

ஆவணத்தின் இதயம் இதுதான், எனவே பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் அளவு, பொருள், பொருள் கொள்ளக் கூடாதது என்று மூன்று தகவல் வேண்டும். அளவு நிஜமாக இருக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (எழுத்துக்கோ அதன் குறிக்கோ உரிய எண்) 3 பைட். ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியெண், ஆக 6 பைட். இந்தக் கணக்கோடு எழுதினால் பகுதி இப்படி வரும்:

4.1 ம் (6 பைட்). பெறுநர் செய்தியைக் கண்டார். படித்தார் என்று அனுப்புநர் பொருள் கொள்ளக் கூடாது.

4.2 ம்ம் (12 பைட்). பெறுநர் படித்தார். ஒப்புக்கொண்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது.

4.3 ம்ம்ம் (18 பைட்). பெறுநர் யோசிக்கிறார், அல்லது யோசிப்பதாகக் காட்டிக்கொள்கிறார். இரண்டையும் பிரித்தறியும் வழி இந்தப் பதிப்பில் இல்லை.

4.4 ம். (7 பைட்). இறுதியில் வரும் 1 பைட் முற்றுப்புள்ளி உரையாடலின் முடிவைக் குறிக்கும். அனுப்புநர் உடனே தன் கடைசி மூன்று செய்திகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

4.5 ம்ஹூம் (18 பைட்). மறுப்பு. 4.3க்கும் இதற்கும் நீளம் ஒன்றே. நீளத்தை மட்டும் பார்க்கும் கருவிகள் யோசனையையும் மறுப்பையும் குழப்பிக்கொள்ளும். அனுப்புநர்கள் பலரும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றனர்.

4.5ஐக் கவனியுங்கள். அங்கே இட்டுக்கட்டியது எதுவும் இல்லை. இரண்டும் ஆறு குறியெண், இரண்டும் 18 பைட். எண்ணிப் பார்த்ததால் கிடைத்த நகைச்சுவை இது. உட்கார்ந்து யோசித்திருந்தால் கிடைத்திருக்காது. இதேபோல, மஞ்சள் நிறக் கட்டைவிரல் இமோஜி 4 பைட்தான், ‘ம்’மைவிட 2 பைட் சிக்கனம். தோல் நிறம் தேர்ந்தெடுத்தால் 8 பைட் ஆகிவிடும். ‘நெரிசலான நெட்வொர்க்குகளில் இமோஜி அனுப்புவது நல்லது, ஆனால் அதை அனுப்பியவர் பெரியவராக இருந்தால் 4.4க்கு நிகராகக் கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்புச் சேர்க்க இடமிருக்கிறது.

எண்ணும்போது பிசகும் இடங்கள் சில. ஒரு வடிவத்தைத் தனி உரைக்கோப்பில் சேமித்து அளவைப் பார்ப்பது எளிய வழி. ஆனால் கடைசியில் என்டர் தட்டியிருந்தால் 1 பைட் (விண்டோஸில் வழக்கமாக 2) கூடும். கோப்பின் தொடக்கத்தில் எடிட்டர் மறைவாகச் சேர்க்கும் குறியீட்டு முத்திரை இருந்தால் 3 பைட் கூடும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் இன்னொரு பொறி உண்டு. க-வோடு ஒரே ஒகரக் குறி சேர்ந்தால் 6 பைட். சில கீபோர்டுகள் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இட்டுவிடும், அப்போது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரநிலை எழுதுபவர் எண்ணில் தப்பு விட்டால், திருத்த வரும் முதல் ஆள் மொத்தச் சிரிப்பையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஏழாம் படி: நேரக் கணக்கு

‘ரொம்ப நேரம் கழித்து’ என்று எழுதாதீர்கள். 40 மாதிரிகளின் இடைவெளிகளை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் வரும் இரண்டு மதிப்புகளின் சராசரியை அப்படியே போடுங்கள். 3 மணி 40 நிமிடம் என்று வந்தால் அதுவே இருக்கட்டும், 4 மணி என்று முழுமையாக்க வேண்டாம். அதற்காக நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை போனால் நடிப்பு தெரிந்துவிடும்.

நிஜத் தரநிலையோடு ஒப்பிட இடம் கிடைத்தால் விடாதீர்கள். 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122, டிசிபி (தரவு தவறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் இணைய நெறிமுறை) ஒப்புகையைத் தாமதப்படுத்தலாம், ஆனால் அது 0.5 நொடிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த வரியில் உங்கள் மாதிரியின் நடு மதிப்பை எந்த விமர்சனமும் இல்லாமல் எழுதுங்கள். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் நிஜ மாதிரி இருக்கிறது. ஆர்எஃப்சி 6298இன்படி முதல் காத்திருப்பு 1 நொடி, ஒவ்வொரு மறுஅனுப்பலுக்கும் அது இரு மடங்காகும். நம் ஆவணத்தில் முதல் மறுஅனுப்பல் ‘?’ (1 பைட்), இரண்டாவது ‘??’ (2 பைட்), மூன்றாவது ‘பாத்தியா’ (24 பைட்). காத்திருக்கும் நேரம் கூடக் கூடச் செய்தியும் நீள்கிறது. நான்காவதாக நேரே போன் செய்வது இந்த நெறிமுறையின் எல்லைக்கு வெளியே என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

எட்டாம் படி: பிழை கையாளுதல்

‘ம்’முக்கு ‘ம்’ வந்தால் என்ன ஆகும்? முடிவே இல்லாத சுற்று. நிஜ நெறிமுறைகள் இதை யோசித்துத்தான் வைத்திருக்கின்றன. ஒரு பிழைச் செய்திக்குப் பதிலாக இன்னொரு பிழைச் செய்தி அனுப்பக் கூடாது என்பது ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்பு நெறிமுறையின் விதி, வெறும் ஒப்புகைக்கு இன்னொரு ஒப்புகை டிசிபியிலும் கிடையாது. எனவே ‘ம்முக்கு ம் அனுப்பக் கூடாது’ என்று எழுதிவிட்டு, இந்த விதி மீறப்படும் நேரங்களை (இரவு நீளும் உரையாடல்கள், யாருக்கும் முதலில் விடைபெற மனமில்லாதவை) விதிவிலக்காகச் சேருங்கள். ஆவணத்தில் லேசாக மனம் இளகலாம் என்றால் அது இந்த ஓர் இடம்தான்.

இரு தளபதிகள் சிக்கலையும் இங்கே பயன்படுத்தலாம். நம்பகமில்லாத வழியில் தூது அனுப்பும் இரண்டு தளபதிகள், எத்தனை ஒப்புகை பரிமாறினாலும், கடைசித் தூது போய்ச் சேர்ந்ததா என்று உறுதியாக அறியவே முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். நீல டிக் வந்த பிறகும் ‘பார்த்தாச்சா’ என்று கேட்பவருக்குக் கணிதம் துணைநிற்கிறது என்று ஒரு குறிப்பு எழுதலாம். நிலை வரைபடம் வரைய நினைத்தால் எக்ஸ்எம்பிபி சாட் தரநிலையைப் பாருங்கள். உரையாடலில் இருக்கிறார், தட்டச்சுகிறார், நிறுத்தினார், செயலற்றிருக்கிறார், போய்விட்டார் என்று ஐந்து நிலையை அது நிஜமாகவே வரையறுத்திருக்கிறது. அதில் ஆறாவதாக ‘தட்டச்சினார், அழித்தார், வேறு குரூப்புக்குப் போனார்’ என்பதைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஒன்பதாம் படி: பாதுகாப்புக் கருத்துகள்

எல்லா ஆர்எஃப்சியிலும் இந்தப் பகுதி கட்டாயம். அதை எப்படி எழுதுவது என்றே 2003இல் ஆர்எஃப்சி 3552 வந்தது. அதில் சொல்லப்படும் தாக்குதல் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் நடத்தையோடு பொருத்துங்கள். ஒட்டுக்கேட்டல்: குரூப்பில் ஒருபோதும் எழுதாமல் எல்லாவற்றையும் படிக்கும் உறுப்பினர். இடைநின்று மாற்றல்: போனைப் பிடுங்கிப் பதில் அனுப்பும் குழந்தை. செய்தி நீக்கம்: நீக்கினாலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடயம் மிஞ்சுகிறது, அது அசல் செய்தியைவிட அதிகக் கேள்விகளை எழுப்பும். மறுஇயக்கத் தாக்குதல்தான் உச்சம்: முன்பு பெற்ற செல்லுபடியான ‘ம்’மை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, எட்டு மாதம் கழித்து ‘அன்னிக்கு ம்னு சொன்னியே’ என்று முன்வைப்பது. ‘இதற்கு எதிரான தற்காப்பு எதுவும் அறியப்படவில்லை’ என்று முடியுங்கள்.

பொருந்தாத வகையை வலிந்து பொருத்த வேண்டாம். நான்கு நன்றாக இருந்தால் ஐந்தாவது தேவையில்லை.

பதிவேட்டுப் பகுதிக்கு இரண்டு வரி போதும், ஆனால் ஒரு எச்சரிக்கை. காபிப் பாத்திர ஆவணத்தில் ‘நான் ஒரு தேநீர்க் குடுவை’ என்ற பொருளில் 418 என்று ஒரு பிழை எண் கொடுக்கப்பட்டது. அதைப் பல மென்பொருள்கள் விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டன. 2017இல் நோட், கோ போன்ற நிரலாக்கக் கருவிகளிலிருந்து அதை நீக்கும் யோசனை எழுந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, எண் தப்பியது. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110 அந்த எண்ணை ஒதுக்கப்பட்டதாகவே வைத்துவிட்டது. ஒரு ஜோக் நிஜப் பதிவேட்டில் நிரந்தரமாக இடம்பிடித்துக்கொண்டது. உங்கள் எண்களை நிஜப் பதிவேடுகளின் எண்வரிசையிலிருந்து எடுக்காதீர்கள்.

பத்தாம் படி: அச்சுக்கோப்பு

பழைய ஆர்எஃப்சிகளின் தோற்றம், வரிக்கு 72 எழுத்து, எல்லாம் ஒரே அகலம், கோடுகளால் வரைந்த பெட்டிகள். தமிழில் இதை அப்படியே செய்ய முடியாது. ‘ணௌ’வும் ‘ர’வும் ஒரே அகலத்தில் நிற்காது, பெட்டியின் வலப்புறக் கோடு வரிக்கு வரி ஆடும். பெட்டிக்குள் எண்களை மட்டும் போட்டு, விளக்கத்தைக் கீழே எழுதுங்கள். அட்டவணைக்குப் பதில் 4.1, 4.2 என்று எண்ணிட்ட பத்திகளே தமிழுக்குப் பாந்தமாக இருக்கும்.

அசல் பிரதியை வெப் பக்கமாக வையுங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் பலவற்றில் நகலெடுக்கும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி எழுத்து சிதறும். சாட்டில் பகிரப் படமாகவும் வேண்டும்: அகலம் 1080 பிக்சல், எழுத்து 32 பிக்சலுக்குக் குறையாமல், பிஎன்ஜி கோப்பு. சாட் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது முதலில் மங்குவது நுண்ணிய புள்ளிகள்தான். ‘ம்’ என்று எழுதியது ‘ம’ என்று தெரியும், ஆவணத்தின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். அதனால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். தடித்த எழுத்திலும் சின்ன அளவில் இதே தொல்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘பகடி’ என்ற சொல், தேதி, வரிசைப் பெயர் மூன்றும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. பரவப்போவது முழு ஆவணம் இல்லை, யாரோ வெட்டியெடுத்த மூன்றாம் பக்கம்.

பதினொன்றாம் படி: சோதனையும் வெளியீடும்

மூன்று பேரிடம் கொடுங்கள். நெட்வொர்க் தெரிந்த ஒருவர் எண்களையும் மேற்கோள்களையும் சரிபார்ப்பார். அந்தத் துறை தெரியாத ஒருவர் எங்கே சிரிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 4ஆம் பகுதிக்கு முன்னால் அவர் கைவிட்டால் முன்னுரையைக் குறையுங்கள். மூன்றாமவர், தினமும் ‘ம்’ மட்டுமே அனுப்புகிறவர். அவர் முகம் சுளித்தால் ஆவணம் ‘பெறுநர்’ என்ற எல்லையைத் தாண்டி ஆளைக் குத்துகிறது என்று பொருள்.

ஏப்ரல் 1 அன்று வெளியிடுவது மரபு. மார்க் கிரிஸ்பின் 1978இல் டெல்நெட் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் நெறிமுறை) பற்றி எழுதிய ஆர்எஃப்சி 748 தொடங்கி வரும் மரபு அது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் உஷாராக இருப்பார்கள், சுவாரசியம் பாதி போய்விடும். தமிழில் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போதும், அடியில் ‘பகடி’ என்ற சொல் இருக்கிறதே.

அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். 1982இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின் அறிவிப்புப் பலகையில், இயற்பியல் சோதனையால் ஒரு லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதினார். சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டனர். அதைத் தொடர்ந்த பேச்சில்தான் செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், விளையாட்டுச் செய்தியில் :-) போடலாம் என்று முன்மொழிந்தார். முகமும் குரலும் இல்லாத எழுத்தில், பகடியை நிஜமென்று நம்ப எப்போதும் ஒருவர் இருப்பார். உடல்நலம், பணம், தேர்தல், பேரிடர் ஆகிய நான்கையும் பகடித் தரநிலையின் பக்கமே கொண்டுவராதீர்கள். சாட் செயலியின் நிஜப் பெயரையோ சின்னத்தையோ ஆவணத்தில் போடாதீர்கள், ‘புதிய விதி வந்துவிட்டது’ என்று மறுநாளே ஃபார்வர்டு ஆகிவிடும்.

வெளியான பிறகு

திருத்தங்கள் வரும். வர வேண்டும், இந்த வடிவத்தின் இரண்டாம் சுற்று அதுதான். ஆவணத்தின் கடைசியில் திருத்தம் அனுப்ப ஒரு வழி கொடுத்து, வருகிறவற்றை எண், தேதி, நிலை (ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, ஆய்வில் உள்ளது) என்று பட்டியலிடுங்கள். அனுப்பியவர் பெயரைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். எண்ணில் பிழை என்றால் உடனே திருத்திப் பதிப்பு எண்ணை 1.1 ஆக்குங்கள். ‘எங்கள் வீட்டில் ம்ம் என்றால் வேறு அர்த்தம்’ என்பது போன்றவற்றை ‘ஆய்வில் உள்ளது’ என்று வையுங்கள், அவை தீரவே தீராது. ‘ஹ்ம்’ எந்த வகை என்று கேட்டுக் கட்டாயம் ஒருவர் வருவார். ‘ம்ம்’ போலவே அதுவும் 12 பைட், 4.2இல் சேர்க்கத் தோன்றும். சேர்த்துவிடாதீர்கள். அதை அனுப்புகிறவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் பெருமூச்சு என்பார்கள், மீதிப்பேர் ‘ம்’ என்பார்கள்.